‘தேனியா... அது எந்தப் பக்கம்?’

கல்லூரி முடித்த பிள்ளைகள் எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் சரி, எதிரே இருப்பவர் முதலில் கையில் எடுப்பது அவர்களே நிரப்பிக் கொடுத்த ஒரு தாளைத்தான். பெயரைப் பார்ப்பார். அடுத்து ஊரைப் பார்ப்பார். “தேனியா... அது எந்தப் பக்கம்?” என்பார். சின்னமனூரோ, கம்பமோ, போடியோ, ஆண்டிபட்டியோ, பிள்ளை எந்த ஊராக இருந்தாலும் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “மதுரை பக்கம் சார்.”

அத்தோடு பேச்சு அறுந்துவிடும். பிறகு மனப்பாடம் செய்த ஆங்கிலப் பத்தி தொடங்கும். பெயர், படிப்பு, அப்பா என்ன வேலை, பலம் கடின உழைப்பு, பலவீனம் யாரையும் சீக்கிரம் நம்பிவிடுவது, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. எதிரே இருப்பவர் காலையிலிருந்து அதே பத்தியை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருப்பார். தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த பயோடேட்டாவைப் புரட்டத் தொடங்கியிருப்பார்.

தேனி தனி மாவட்டமாகி 1996-லிருந்து கணக்குப் போட்டால் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இன்றைக்குப் பட்டம் வாங்கும் பிள்ளைகள் பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஆனாலும் இன்டர்வியூ என்றதும் ஊரை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கிராமம் என்று தெரிந்தால் குறைவாக நினைப்பார்களோ, அம்மா தோட்ட வேலைக்குப் போவதைச் சொன்னால் மதிப்பு போய்விடுமோ என்ற கூச்சம். இந்தக் கூச்சம்தான் நம் பிள்ளைகளுக்கு வேலையை இழக்கச் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எந்தத் தேர்வுக் குழுவும் விண்ணப்பத்தில் உள்ளதிலிருந்துதான் கேள்வியைப் பிடிக்கிறது. அங்கே தேனி என்று எழுதியிருக்கிறது. தேனியைப் பற்றிக் கேட்க இந்த நாட்டின் எந்த மேசையிலும் விஷயம் உண்டு.

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

குடிமைப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 1,750 மதிப்பெண், ஆளுமைத் தேர்வுக்கு 275. யு.பி.எஸ்.சி உறுப்பினர் ஒருவர் தலைமையில் நாலைந்து பேர் அமர்ந்து அரை மணி நேரம்போலப் பேசுவார்கள். பாடப் புத்தகத்தை எழுத்துத் தேர்விலேயே சோதித்தாயிற்று. இங்கே அவர்கள் கையில் இருப்பது நீங்கள் நிரப்பிய விரிவான விண்ணப்பம். பிறந்த ஊர், படித்த கல்லூரி, பொழுதுபோக்கு, பள்ளியில் வாங்கிய பரிசு எல்லாம் அதில் இருக்கும்.

முல்லைப் பெரியாறு பற்றி ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். நம் பையனுக்கு அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கைத் தெரியும். தேனிப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான். 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை, 1895-ல் அணை திறப்பு, 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்ற 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் என எல்லாம் சொல்லிவிடுவான். குழுவில் ஒருவர் அடுத்ததைக் கேட்பார். “சரி, உங்களுக்குக் கேரள கேடர் கிடைத்து, இடுக்கி கலெக்டராகப் போகிறீர்கள். அங்குள்ள மக்களிடம் என்ன சொல்வீர்கள்?”

இந்தக் கேள்விக்குக் கைடு புத்தகத்தில் பதில் கிடையாது. பள்ளத்தாக்கில் உண்டு. கம்பத்திலும் கூடலூரிலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் நிற்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மலைக்குப் போய்ப் பொழுது சாய இறங்குவார்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறிலும் உப்புத்தறையிலும் இருப்பவர்கள் மழைக்காலத்தில் பயப்படும்போது, அதே மாவட்டத்துத் தோட்டங்களில் நம் ஊர்ப் பெண்களும் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். “சார், எங்கம்மா தினமும் அந்த மலையில்தான் வேலை செய்கிறார். அந்த ஊர்க்காரர்களின் பயமும் எனக்குத் தெரியும், தண்ணீர் வராவிட்டால் எங்கள் வயல் என்னாகும் என்பதும் தெரியும்” என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடியும். பிறகு அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, மேற்பார்வைக் குழு, நீர்மட்டத்தை இரு மாநிலத்துக்கும் உடனுக்குடன் அறிவிப்பது என்று நிர்வாகத்துக்குப் போகலாம். டெல்லியிலும் சென்னையிலும் பயிற்சி எடுத்த எத்தனை பேரால் இப்படித் தொடங்க முடியும்? எந்த அம்மாவைச் சொல்லக் கூசினானோ, அவரைச் சொல்லித்தான் அந்தப் பதிலைத் தொடங்கவே முடிகிறது.

குரூப் 1 நேர்காணலுக்கும் இது பொருந்தும். அங்கே முதன்மைத் தேர்வின் பொதுப்பாடத் தாள்களுக்கு 750, நேர்காணலுக்கு 100. இது துணை ஆட்சியர், டி.எஸ்.பி போன்ற பதவிகளுக்கான தேர்வு என்பதால், உங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூன் 5 அன்று பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். “அன்றைக்கு நீங்கள் உத்தமபாளையம் ஆர்.டி.ஓ. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?” யானையைப் பார்க்க மாடியில் ஏறி நின்ற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரம். சந்தையை நிறுத்துவது, வனத்துறையோடு யார் பேசுவது, வாட்ஸப் வதந்தியை எப்படி அடக்குவது, தோட்டத்தில் தங்கியிருக்கும் காவலாளிகளுக்கு எப்படித் தகவல் போகும் என அத்தனையும் கண்ணால் பார்த்ததுதானே? அதை வரிசைப்படுத்திச் சொல்லப் பழகினால் போதும்.

பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம், 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது, 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம், கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு. இரண்டு பக்கத்து நியாயத்தையும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிப் பழகுவதுதான் பயிற்சி. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மாலையில் வீரபாண்டி ஆற்றங்கரையில் உட்கார்ந்தே செய்யலாம். காசு கொடுத்துப் போகும் ‘மாக் இன்டர்வியூ’வெல்லாம் அதற்கு அப்புறம்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் யு.பி.எஸ்.சி ஆளுமைத் தேர்வையும் தமிழில் சந்திக்கலாம். குரூப் 1-ல் தமிழில் பேசுவது சர்வ சாதாரணம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிடத் தமிழிலேயே தெளிவாகச் சொல்வது எத்தனையோ மேல்.

இன்டர்வியூவே இல்லாத வேலைகள்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வீடுகளில் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. குரூப் 4-க்கு நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். குரூப் 2-க்கு முன்பு 40 மதிப்பெண் நேர்காணல் இருந்தது, 2024-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மத்திய அரசில் கெஜட்டட் அல்லாத பி பிரிவு, சி பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் இல்லை. வங்கி கிளார்க் வேலைக்கும் இல்லை. இதெல்லாம் தெரியாத குடும்பங்களிடம்தான், “இன்டர்வியூவில் நம்ம ஆள் இருக்கார், முடிச்சுக் கொடுத்திடலாம்” என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இல்லாத நேர்காணலுக்குத் தோட்டத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. பிள்ளை எந்தத் தேர்வு எழுதுகிறது, அதில் நேர்காணல் உண்டா, எத்தனை மதிப்பெண் என்பதை அறிவிக்கையைப் பிரித்து அப்பா அம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. தனியார் நிறுவனங்களை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். பதிவு செய்த அட்டையைப் புதுப்பிக்க மட்டும்தான் அந்த அலுவலகம் என்று நினைப்பது பழைய காலத்து நினைப்பு.

கடன் கேட்டு வரும் விவசாயி

வங்கியில் புரொபேஷனரி ஆபீசர் வேலைக்கு நேர்காணல் உண்டு. ஐ.பி.பி.எஸ் தேர்வில் அதற்கு 100 மதிப்பெண். இறுதிப் பட்டியலில் எழுத்துத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்காணலுக்கு 20 பங்கு. பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 சதவீதம் நேர்காணலில் கட்டாயம் எடுக்க வேண்டும்.

இங்கேயும் பிள்ளைகள் ரெப்போ விகிதம் என்ன, சி.ஆர்.ஆர் என்ன என்று எண்களை உருப்போட்டுப் போகிறார்கள். தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால், குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் கிளை மேலாளர்களாக இருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பிள்ளையை ஒரு கவுண்டரில் உட்காரவைத்தால் வாடிக்கையாளரிடம் பேசுமா என்பது. “போடிநாயக்கனூரா? ஏலக்காய் ஊராச்சே. ஒரு ஏலக்காய் விவசாயி கடன் கேட்டு வந்தால் என்ன பார்ப்பீர்கள்?” என்று கேட்டால் எத்தனை பேருக்கு வாய் திறக்கும்? போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. ஏலக்காய் அங்கே ரகம் பிரித்து, பருமன் பார்த்து விலை போகிறது. 2019 ஆகஸ்டில் கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 7,000 ரூபாய் விலையை நம்பி ஒருவர் கடன் வாங்கியிருந்தால் இரண்டு வருடத்தில் அவர் கதி என்ன? விலை விழும்போது சரக்கை விற்காமல் கிடங்கில் வைத்து, அந்த ரசீதின் பேரில் கடன் வாங்கலாமா? கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் என்பது அவருக்குத் தெரியுமா? ஜாமீன் இல்லாத விவசாயக் கடன் வரம்பை 2025 ஜனவரி 1 முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறதே?

தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், விவசாயி குடியிருப்பது போடியில். பட்டா, குத்தகை ஆவணமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். இந்தச் சிக்கலைப் போடிப் பெண் ஒருத்தி எடுத்துச் சொன்னால் குழு நிமிர்ந்து உட்காரும். அவளுடைய தாத்தா சாப்பாட்டு நேரத்தில் புலம்பிய விஷயம்தான் அது. நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு உள்ளூர் வங்கி மேலாளர் ஒருவரைப் போய்ப் பார்த்து, “சார், நம்ம பிராஞ்சுல எந்தக் கடன் அதிகம் போகுது, எது வராக்கடனாகுது?” என்று கேட்டு வரலாம். பெரும்பாலான மேலாளர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஒரு தேநீர் நேரம் போதும்.

வாங்கிய ப்ராஜெக்ட்

இந்தப் பள்ளத்தாக்கின் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் பெரும்பகுதிப் பிள்ளைகளின் கனவு ஐ.டி.தான். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வந்த பிறகு கோடிங், ஆங்கிலப் பேச்சு என்று கல்லூரிக்குள்ளேயே பயிற்சி வந்திருக்கிறது, நல்ல விஷயம். இருந்தாலும் பெரிய நிறுவனங்களின் கேம்பஸ் பெரும்பாலும் மதுரைப் பக்கத்தில், பல கல்லூரிப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி நடக்கிறது. ஆப்டிட்யூட், கோடிங், டெக்னிக்கல், ஹெச்.ஆர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வடிகட்டுவார்கள். ஆப்டிட்யூட்டிலேயே பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும். அதற்கு மாற்று வழி கிடையாது, தினமும் கடிகாரம் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

டெக்னிக்கலில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட். பணம் கொடுத்து வெளியில் வாங்கி, பைண்டிங் போட்டு, தங்க எழுத்தில் பெயர் அச்சடித்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். “உங்க டேட்டாபேஸில் எத்தனை டேபிள்? ஏன் இதைத் தனி டேபிளாக வைத்தீர்கள்?” என்றதும் முகம் வெளுத்துவிடும். பொய் பிடிபட்ட அந்த நொடிக்குப் பிறகு என்ன சரியாகச் சொன்னாலும் அவர்கள் நம்புவதில்லை. சின்னதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்ததாக இருக்கட்டும். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரர் எந்த வியாபாரிக்கு எத்தனை கிலோ கொடுத்தார், பாக்கி எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய செயலி எழுதியிருந்தால் போதும். அந்தப் பிள்ளையிடம் ஒரு மணி நேரம் பேச விஷயம் இருக்கும். ஏன் இப்படிச் செய்தாய், தப்பான எடை போட்டால் என்ன ஆகும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிந்தால் என்ன ஆகும் என்று எத்தனை கேட்டாலும் பதில் வரும், ஏனென்றால் தோட்டக்காரரிடம் திட்டு வாங்கித் திருத்தியிருப்பான். சம்பளப் பட்டியலில் இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுக்க எஸ்.க்யூ.எல் எழுதச் சொல்வது போன்ற வழக்கமான கேள்விகளைத் தாளில் பேனாவால் எழுதிப் பழகுவதும் நல்லது. கணினியில் வருவது தாளில் வராது.

கிராமத்திலிருந்துகொண்டு மென்பொருள் எழுத முடியாது என்பதையெல்லாம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு யாரும் சொல்வதில்லை. அங்கே கல்லூரி மதிப்பெண்ணைவிட, எதிரில் உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதத் தெரிகிறதா என்பதைத்தான் பெரிதாகப் பார்க்கிறார்கள். ப்ரோகிராம் முழுசாக ஓடாவிட்டாலும், எப்படி யோசிக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். மௌனமாக உட்கார்ந்து யோசிப்பவரைவிட, “இங்க மாட்டுது சார், வேற வழி பார்க்கிறேன்” என்று சொல்கிறவர் தேறிவிடுவார்.

ஆங்கிலம்? சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். மாட்டிக்கொண்டால், “ஒரு நிமிஷம் தமிழில் விளக்கட்டுமா சார்?” என்று கேட்பதில் தவறே இல்லை. தமிழ்நாட்டில் நடக்கும் டெக்னிக்கல் சுற்றில் பெரும்பாலும் எதிரில் இருப்பவரும் தமிழர்தான்.

ஐ.டி. மட்டும்தான் வழி என்றில்லை. பட்டாளத்துக்குப் போனவர்கள் இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதிகாரியாகப் போக எஸ்.எஸ்.பி என்ற ஐந்து நாள் தேர்வு இருப்பது பலருக்குத் தெரியாது. கல்லூரியில் என்.சி.சி ‘சி’ சான்றிதழ் ‘பி’ கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், ராணுவத்துக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே அங்கே கூப்பிடுவார்கள். அறுபது சொற்களைப் பதினைந்து விநாடிக்கு ஒன்றாகக் காட்டி, மனதில் பட்டதை எழுதச் சொல்வார்கள். ஐந்து நாளில் நடிக்க முடியாது, அதற்காகத்தான் ஐந்து நாள். முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

அரை மூன்றில் ஒன்றைவிடப் பெரிசா?

மேலே சொன்ன பெரிய மேசைகளுக்குப் போகிறவர்கள் கொஞ்சம். பள்ளத்தாக்கில் பட்டம் வாங்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் இன்டர்வியூ தனியார் பள்ளியிலோ, நுண்கடன் நிறுவனத்திலோ, ஸ்பைசஸ் கம்பெனியிலோ, நூற்பு ஆலையிலோதான். இந்த இன்டர்வியூக்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ‘அங்க என்ன கேட்கப்போறாங்க’ என்று பிள்ளைகளும் தயாராகாமல் போகிறார்கள். அப்படிப் போவது தவறு.

பி.எட் முடித்த பெண் ஒருத்தி பள்ளிக்குப் போகிறாள். தாளாளர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “ஆறாம் வகுப்புக்கு ஒரு பத்து நிமிஷம் கிளாஸ் எடுங்கம்மா” என்பார். டெமோ. பின்னங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பலகையில் விளக்கத்தை எழுதி, பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைத்து முடித்தால் டெமோ முடிந்தது, வேலையும் போனது. இன்னொருத்தி அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதிவிட்டு, “எதுப்பா பெரிசு?” என்று கேட்கிறாள். பாதி வகுப்பு மூன்றில் ஒன்றுதான் பெரிசு என்கிறது, மூன்று இரண்டைவிடப் பெரிய எண் அல்லவா? அவள் அதட்டாமல் ஒரு பையனைக் கூப்பிட்டு, ஒரே அளவுத் தாள் இரண்டைக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் ஒன்றை மூன்றாகவும் மடிக்கச் சொல்கிறாள். “இப்ப எந்தத் துண்டு வேணும் உனக்கு?” வகுப்பே சிரித்துப் புரிந்துகொள்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் இதைத்தான் பார்க்கிறார். பலகை எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிகிறதா, முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறாளா, தப்பாகச் சொன்ன பிள்ளையை என்ன செய்கிறாள் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிட்டுப் போகலாம், சொல்வார்கள்.

நுண்கடன் நிறுவனத்தில் பீல்டு ஆபீசர் வேலைக்கு முதல் கேள்வி, “டூ வீலர் இருக்கா? லைசென்ஸ் இருக்கா?” அடுத்தது கொஞ்சம் கடினம். “குழுவில் ஒரு அம்மா இந்த வாரம் தவணை கட்டலை. என்ன செய்வீங்க?” வீட்டு வாசலில் உட்கார்ந்து வாங்கிவிடுவேன் என்று வீரமாகச் சொல்பவர்களை எடுக்கும் கிளைகளும் உண்டு. ஆனால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி தெரிந்தவர் வேறு பதில் சொல்வார். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கடன்தாரரைக் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது. ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவே கூடாது. “முதலில் அவர்களுக்கு வேறு எத்தனை கடன் இருக்கிறது என்று பார்ப்பேன் சார்” என்று ஒரு பையன் சொன்னால், அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்பது எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் அம்மாவும் ஏதோ ஒரு குழுவில் கடன் வாங்கியவராகத்தான் இருப்பார்.

ஸ்பைசஸ் கம்பெனியில் கணக்கு வேலைக்குப் போகும் பி.காம் பிள்ளைக்கு டேலி தெரிந்திருந்தால் பாதி முடிந்தது. ஏலக்காயின் ரகங்கள், ஏல மையத்தில் சரக்கு எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போனால் மீதியும் முடிந்தது.

பயணமும் பணமும்

போடி வரை அகல ரயில் பாதை 2023 ஜூனில் வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு நேரடி ரயில் இருக்கிறது. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் போடிக்கு ரயிலே இல்லை. பிள்ளைகள் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, கோயம்பேட்டில் முகம் கழுவி, அப்படியே போய்த் தேர்வு எழுதினார்கள். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள். தூங்காத முகம் எதிரிலிருப்பவருக்குத் தெரியும்.

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் வீடியோவில்தான். மேகமலை அடிவாரத்திலும் வருசநாட்டிலும் சிக்னல் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. முந்தின நாளே அதே நேரத்தில் நண்பனுக்கு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். சரிவராது என்றால் கல்லூரியில் கேட்டு ஒரு அறையை வாங்கிக்கொள்ளுங்கள், படித்து முடித்தவர்களுக்கும் தருவார்கள். வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும். கால் நடுவில் அறுந்தால் உடனே அழைக்க ஹெச்.ஆர் எண்ணை எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

பணம் கேட்டால் அது இன்டர்வியூ இல்லை. பயிற்சிக் கட்டணம், டெபாசிட், சீருடைக்குப் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிட வேண்டும். அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வரவே கூடாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கலாம் என்று விதியில் இருப்பது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும்தான். டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களை நம்பித் தாய்லாந்து வழியாக மியான்மருக்கும், இன்னும் கம்போடியாவுக்கும் போய் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் மாட்டியவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள். போன் வழியாகப் பணம் பறிபோனால் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும்.

“உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?”

எல்லா இன்டர்வியூவும் இந்தக் கேள்வியில்தான் முடியும். நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். “ஒண்ணுமில்ல சார், தேங்க் யூ சார்.”

நிறைய இருக்கிறது கேட்க. ஆண்டுக்கு 3.6 லட்சம் என்று சொன்னால் மாதம் முப்பதாயிரம் கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கம்பெனி கட்டும் பி.எப் பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். பாண்டு உண்டா, எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், எந்த ஊரில் வேலை என்பதையும் கேட்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் கல்லூரிப் படிப்பில் நன்றாக வந்த பெண்கள், வேலை கிடைத்த பிறகு ஆபர் லெட்டரை வீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். “எங்கத்தா தங்குவ? யாரு பாத்துக்குவா?” என்று அப்பா கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாததுதான் காரணம். அந்த அப்பா கெட்டவர் இல்லை. சென்னையில் அவருக்கு யாரையும் தெரியாது, அவ்வளவுதான். தமிழக அரசின் தோழி விடுதிகள் சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் வேலைபார்க்கும் பெண்களுக்காகவே இருக்கின்றன. அதன் விவரத்தை முதலிலேயே எடுத்துவைத்துக்கொண்டு பேசினால் வீட்டுப் பேச்சு வேறு மாதிரி போகும். இன்டர்வியூவுக்கு அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போவதிலும் வெட்கம் வேண்டாம். வரவேற்பறையில் மஞ்சப்பையோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எந்த நல்ல கம்பெனியும் மதிப்பெண் குறைக்காது.

உள்ளே இருக்கும் மகள் அந்தக் கடைசிக் கேள்வி வரும்போது கேட்கட்டும். “நைட் ஷிப்ட் உண்டா மேடம்? முடிஞ்சா வீடு வரைக்கும் கேப் வருமா, விடுதி வாசல் வரைக்குமா? உங்க டீம்ல தேனிப் பக்கத்துப் பொண்ணுங்க யாராவது இருக்காங்களா, பேசலாமா?” அவர்கள் சொல்வதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வெளியே வரட்டும். ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்பார்.